மஞ்சள்கரு எங்கே போயிற்று?

செட்டிநாட்டுப் பெரிய வீடு ஒன்றில் போய்ச் சாப்பிட வேண்டுமென்றால் முதலில் நடக்கத் தெம்பு வேண்டும். முன்வாசல் ஒரு தெருவில் இருக்கும், பின்வாசல் அடுத்த தெருவில். நடுவில் முகப்பு, பட்டாலை, வளவு, இரண்டாங்கட்டு என்று வீடு போய்க்கொண்டே இருக்கும். ஓட்டலாக மாறிய அப்படியொரு வீட்டில் (பெயர் வேண்டாம், மறுபடி உள்ளே விட மாட்டார்கள்) எங்களுக்கு மேசை போட்டிருந்தது இரண்டாங்கட்டில். போய்ச் சேர்வதற்குள் காலையில் தின்ற இட்லி செரித்துவிட்டது. அதற்குப் பிறகும் பசியைத் தூண்ட சூப் ஒன்றைக் கொடுத்தார்கள்.

நாங்கள் என்றால் நான், மனைவி, புதுக்கோட்டை அத்தை. மேசையை முன்பதிவு செய்தது பெங்களூரில் இருக்கும் மகன். பில் மட்டும் எங்கள் பொறுப்பு.

கூடத்தைப் பற்றிக் குறை சொல்ல முடியாது. பர்மாத் தேக்கு, இத்தாலிப் பளிங்கு, பெல்ஜியம் கண்ணாடி எல்லாம் அசல். கண்ணாடிகள்தான் கொஞ்சம் அதிகம். எந்தப் பக்கம் திரும்பினாலும் நானே என்னைப் பார்த்து மென்றுகொண்டிருந்தேன்.

பரிமாற வந்த பையன் எங்களிடம் இங்கிலீஷ் கலந்தும் அடுப்படியைப் பார்த்துத் தமிழிலும் பேசினான். சாப்பாட்டுக்கு முன்னால் சுவரைப் பற்றி விளக்கினான். "இதுல பெயிண்ட்டே கிடையாது சார். சுண்ணாம்புல முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசினது. தொட்டுப் பாருங்க." தொட்டேன். பளிங்குபோல் வழவழப்பு, மே மாத மத்தியானத்திலும் குளிர்ச்சி. அத்தை சுத்த சைவம். நாற்காலியைச் சுவரை விட்டு ஒரு முழம் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

எனக்கு வேறு கவலை பிடித்துக்கொண்டது. இந்த அளவு சுவருக்கு எத்தனை ஆயிரம் முட்டை உடைத்திருப்பார்கள்? வெள்ளைக்கரு சுவருக்குப் போனது சரி, மஞ்சள்கரு எங்கே போயிற்று? போர்த்துகலில் கன்னிமாடத்துச் சகோதரிகள் துணிக்குக் கஞ்சி போட வெள்ளைக்கருவை எடுத்துக்கொண்டு, மிஞ்சிய மஞ்சள்கருவில் பலகாரம் செய்தே பேர் வாங்கினார்கள் என்பார்கள். நம் பக்கத்துப் பலகாரங்களை வரிசையாக யோசித்துப் பார்த்தேன். கந்தரப்பம், உக்கரை, கும்மாயம், பால்பணியாரம். ஒன்றில்கூட முட்டை இல்லை. அப்படியானால் கொத்தனார்கள்தான் மாதக்கணக்கில் மஞ்சள்கருப் பொரியல் தின்றிருக்க வேண்டும். வீடு கட்டி முடிய ஏன் அத்தனை வருஷம் ஆயிற்று என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

இதற்குள் முதல் தட்டு வந்தது. முறம் அகலத் தட்டின் நடுவில் ஒரே ஒரு வெள்ளைப் பணியாரம், ஓரத்தில் பொட்டளவு சட்னி.

"சாம்பிளா தம்பி?" என்றார் அத்தை.

"இல்ல மேடம், இதுதான் ஃபர்ஸ்ட் கோர்ஸ்."

"சரி, மீதியக் கொண்டாப்பா."

மீதி வரவில்லை. அடுத்து வந்தது வெண்டைக்காய் மண்டி. அரிசி களைந்த தண்ணீரில் புளி கரைத்துச் செய்வது என்று பையன் பக்தியோடு சொன்னான். அத்தை மெனு அட்டையில் விலையைத் தேடிப் படித்துவிட்டு, வாழ்நாளில் தான் கீழே கொட்டிய கழுநீரை மனசுக்குள் பெருக்கிப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது.

உண்மையில் இந்த வீடுகள் இரண்டு பேர் மெழுகுவத்தி ஏற்றிவைத்துச் சாப்பிடக் கட்டியவை அல்ல. ஊரைக் கூட்டிப் பந்தி பந்தியாகச் சோறு போடக் கட்டியவை. சின்ன வயதில் இப்படியொரு வளவில் கல்யாணச் சாப்பாடு சாப்பிட்ட கதையை அத்தை சொல்வார். இலையில் உட்கார்ந்திருக்கும்போதே அடுத்த பந்திக்காரர் முதுகுக்குப் பின்னால் வந்து நின்று, நாம் மோருக்கு வந்துவிட்டோமா என்று எட்டிப் பார்ப்பாராம். அப்படியிருந்தும் பரிமாறுகிறவர் "இன்னும் கொஞ்சம்" என்று விடமாட்டாராம். இங்கே எங்களை யாரும் எட்டிப் பார்க்கவில்லை. கொஞ்சம் போட்டுக்கச் சொல்லி யாரும் வற்புறுத்தவும் இல்லை. கவுனி அரிசி இன்னொரு கரண்டி கேட்டதற்குப் பையன் மேலாளரிடம் போய்க் கேட்டு வந்தான்.

ஆனாலும் வீடு ஓட்டலானது நல்லதுதான் என்பேன். 1942இல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் நுழைந்ததோடு இந்த ஊர்களின் வரும்படி ஆட்டம் கண்டது. வீட்டுக்குப் பங்காளிகள் மட்டும் பெருகிக்கொண்டே போனார்கள். ஓட்டை மாற்றவே ஊர் ஊராய்ப் போய்ச் சம்மதம் வாங்க வேண்டும். அது முடியாத பல வீடுகளின் கதவும் தூணும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்கு வந்து சேர்ந்தன. தூணாகவே நின்று ஒற்றைப் பணியாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது அதைவிட மேல்.

கடைசியில் பில் வந்தது, தாழம்பூ வேலைப்பாடு செய்த மரப்பெட்டியில். தொகையை விட வரிதான் அத்தையை உறுத்தியது. "பதினெட்டா? நம்ம ஊர் ஓட்டல்ல அஞ்சுதானேடா?"

ஓட்டலில் அறை வாடகை நாளுக்கு 7,500 ரூபாய்க்கு மேல் போனால் அங்கே சாப்பிடும் சாப்பாட்டுக்கும் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. என்று பையன் பொறுமையாக விளக்கினான். இந்த ஒரு விளக்கத்தை மட்டும் தமிழிலேயே சொன்னான்.

அத்தை கொஞ்ச நேரம் யோசித்தார்.

"ரூமுக்காகத்தான் இந்த வரியா?"

"அப்படித்தான் மேடம்."

"அப்ப அந்த ரூமைத் தொறந்து விடுப்பா. கொஞ்சம் படுத்து எந்திரிச்சுட்டுப் போறோம்."