சாம்பார் ஏற்றிச் செல்வோர் கவனத்திற்கு

நியூஜெர்சியில் பொங்கல் விழா. எழுபது பேருக்கான சாம்பாரை உங்கள் தலையில் கட்டிவிட்டார்களா? புளி கரைப்பதற்கு முன் 'பயத்தின் கூலி' என்ற பிரெஞ்சுப் படத்தைப் பாருங்கள். 1953-இல் ஆன்றி ஜார்ஜ் க்ளூசோ எடுத்தது. எங்கோ எண்ணெய்க் கிணறு எரிகிறது. அதை அணைக்க நைட்ரோகிளிசரின் வேண்டும். இரண்டு லாரி, நான்கு டிரைவர், தலைக்கு 2,000 டாலர். குலுங்கினால் கதை முடிந்தது. உங்களுக்கு அந்த 2,000 டாலரும் கிடையாது.

முதலில் பாத்திரம். அலுமினியம் ட்ரேயின் மூடியை நம்பாதீர்கள். படத்தில் பிம்பா என்ற டிரைவர் நைட்ரோவைத் தெர்மாஸ் பிளாஸ்கில் ஊற்றுகிறான். அது பாறையைத் தகர்க்க. உங்களுக்கு அந்த அவசியம் இல்லை. எவர்சில்வர் அண்டா, மூடிக்கு மேல் துண்டு, இறுக்கமாக ஒரு முடிச்சு.

அடுத்தது வேகம். வரிவரியாகத் தேய்ந்த மண்சாலையில் ஊர்ந்து போகலாம், இல்லையென்றால் பறந்துவிடலாம், நடுவேகம்தான் ஆகாது என்கிறது படம். ஜனவரி மாத ரூட் 27-இல் ஊர்ந்தே போங்கள். பின்னால் ஹாரன் அடிப்பவருக்குச் சாம்பாரைப் பற்றி என்ன தெரியும்?

பக்கத்து சீட்டு ஆளைப் பார்த்துப் பொறுக்குங்கள். சார்ல் வனெல் நடித்த ஜோ, ஊருக்குள் பெரிய சண்டியர்; லாரியில் ஏறியதும் வியர்த்துக் கொட்டுகிறது. "நான் பிடிச்சுக்கறேன், நீங்க ஓட்டுங்க" என்று வாசலில் வீரம் பேசுகிறவர்தான் முதல் சிக்னலிலேயே "ஏங்க, பிரேக்கு! பிரேக்கு!" என்பார். அண்டாவைவிட அதிகம் ஆடுவதும் அவர்தான்.

வழியில் கசிகிற வாசனை வந்தால் திறந்து பார்க்காதீர்கள். 1866 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோவின் வெல்ஸ் பார்கோ அலுவலகத்தில் கசிந்த பெட்டியொன்றைத் திறக்கப் போனார்கள். உள்ளே இருந்தது நைட்ரோகிளிசரின். பலர் செத்துப் போனார்கள்; இதில் சிரிக்க ஒன்றுமில்லை. மூடியில் கை வைக்காதீர்கள், அவ்வளவுதான்.

நழுவிவிடலாமா என்று தோன்றும். 1977-இல் இயக்குநர் ஃப்ரீட்கின் இதே கதையை 'சார்சரர்' என்று எடுத்தபோது ஒரு டிரைவர் நம் நியூஜெர்சியின் எலிசபெத் ஊரில் கொள்ளையடித்துவிட்டுத் தென் அமெரிக்காவுக்கு ஓடிப்போனவன். அங்கேயும் லாரிதான் ஓட்டினான். பேசாமல் பருப்பை வேகவையுங்கள்.

திரும்பும்போது அண்டா காலி, மனசு லேசு. அப்போதுதான் உஷாராக இருக்க வேண்டும். க்ளூசோ படத்தின் டிரைவர் மரியோ அந்த நேரத்தில்தான் ரேடியோவில் வந்த ஸ்ட்ராஸ் வால்ட்ஸுக்கு லாரியை வளைத்து வளைத்து ஆடவிட்டான். இளையராஜா போட்டுக்கொள்ளலாம், தாளம் போட மட்டும் ஸ்டியரிங்கை விட்டுக் கையை எடுக்காதீர்கள்.