கோட்டுக்கு வெளியே ஓர் அப்பா

“போர்ஷன் எத்தனை மாசத்துல சார் முடியும்?”

மகளைக் கால்பந்துப் பயிற்சியில் சேர்த்த அன்று கோச்சிடம் நான் கேட்ட முதல் கேள்வி இதுதான். அவர் வடசென்னைக்காரர். இந்திய அணிக்கு ஆடிய தனபால் கணேஷின் வியாசர்பாடிதான் அவருக்கும் ஊர். அந்தப் பக்கத்தில் பிள்ளைகளுக்கு நடை வருவதற்கும் பந்து வருவதற்கும் பெரிய இடைவெளி கிடையாது. அப்படிப்பட்டவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “சனிக்கிழமை காலைல அஞ்சே முக்காலுக்குக் கூட்டிட்டு வாங்க சார். ஷூ லேஸை பாப்பாவே கட்டிக்கட்டும்” என்றார். கேட்டதற்கும் சொன்னதற்கும் சம்பந்தமே இல்லையே என்று அன்றைக்கு நினைத்தேன்.

சேலையூர், செம்பாக்கம், மேடவாக்கம் வட்டாரத்தில் பிள்ளையை எதில் சேர்த்தாலும் அது கடைசியில் ட்யூஷன் ஆகிவிடும். அபாகஸ், இந்தி, கீபோர்டு, கையெழுத்துப் பயிற்சி என்று எல்லாவற்றுக்கும் லெவல் உண்டு, லெவலுக்கு ஒரு சான்றிதழ் உண்டு, சான்றிதழுக்கு ஒரு பிளாஸ்டிக் ஃபைல் உண்டு. கால்பந்துக்கும் அந்த ஃபைலில் இடம் ஒதுக்கி வைத்திருந்தேன். மறைப்பானேன், பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கென்று 500 இடங்கள் இருக்கின்றன என்பது என் மனதில் ஒரு மூலையில் எரிந்துகொண்டிருந்தது. மகளுக்கு வயது எட்டரை. கலந்தாய்வில் மதிப்பெண் வாங்கித் தருவது மாநிலம், தேசம் என்ற அளவில் ஆடிய சான்றிதழ். ராஜகீழ்ப்பாக்கத்து டர்ஃபில் ஞாயிறு காலை ஆடி வாங்கிய கோப்பை அல்ல. இதை ஒருவர் எனக்குச் சொன்னபோது நான் ஏற்கெனவே ஷோகேஸுக்கு ஆசாரியிடம் அளவு கொடுத்திருந்தேன்.

சாமான் வாங்கிய கதையைச் சொன்னால் உங்களுக்காவது காசு மிஞ்சும். வளர்கிற பிள்ளை என்று தீபாவளிச் சட்டைக்குப் பார்க்கிற கணக்கையே ஷூவுக்கும் பார்த்தேன். இரண்டு சைஸ் பெரிது. அதுவும் நீள நீளமாக முள் வைத்த ஸ்டட். பார்க்கப் பிரமாதமாக இருந்தது. முதல் நாள் அவள் ஓட, ஷூ ஒரு அடி பின்னாலேயே ஓடி வந்தது. அந்த நீள முள் ஈரமான புல் தரைக்கு உரியது. நம் பக்கத்து டர்ஃப்களின் பிளாஸ்டிக் புல்லில் அது மாட்டிக்கொள்ளும், உடம்பு திரும்பும், கால் திரும்பாது, சுளுக்கு நிச்சயம் என்று கோச் விளக்கினார். குட்டைக் குட்டையாகப் பொடி முள் வைத்த டர்ஃப் ஷூதான் வேண்டும், கட்டைவிரலுக்கு முன்னால் ஒரு விரல் இடம் போதும்.

பந்திலும் அதே புத்தி. கடைக்காரர் நான்காம் நம்பரை எடுத்து வைத்தார். என் பிள்ளைக்கு ஒரு நம்பர் குறைவா என்று வீம்பாக ஐந்தாம் நம்பர் வாங்கினேன். ஐந்தாம் நம்பர் மெஸ்ஸி உதைப்பது: எடை 410 முதல் 450 கிராம், சுற்றளவு 70 சென்டிமீட்டர் வரை. எட்டிலிருந்து பன்னிரண்டு வயது வரை நான்காம் நம்பர், அதற்கும் கீழே மூன்றாம் நம்பர் என்பதுதான் வழக்கம். அந்த ஐந்தாம் நம்பர் இப்போது எங்கள் வீட்டில் பால்கனிக் கதவு காற்றில் அடிக்காமல் இருக்க முட்டுக் கொடுக்கிறது.

இதெல்லாம் பணத்தோடு போயிற்று. நான்காவது விதிதான் குடும்பத்துக்குள் வந்தது.

கால்பந்துக்கு மொத்தம் 17 விதிகள். அதில் நான்காவது, ஆடுகிறவர்கள் என்னென்ன அணியலாம் என்பது. முன்னங்கால் எலும்புக்கு ஷின் கார்டு கட்டாயம். அதை மூடிய காலுறை கட்டாயம். நகை எதுவும் கூடாது. சங்கிலி, மோதிரம், வளையல், தோடு எதுவும். மேலே பிளாஸ்டர் ஒட்டி மறைத்தாலும் கூடாது.

“தோட்டைக் கழட்டச் சொன்னானா? எவன்டா அவன்?” என்றாள் என் அம்மா.

விதி போட்டவர்கள் லண்டன், சூரிச் பக்கம் இருக்கிறார்கள் என்று சொல்லிப் பார்த்தேன். “அவங்க வீட்டுப் பொண்ணுக்குக் காது தூர்ந்து போனா அவங்க வந்து குத்துவாங்களா?” என்றாள். எனக்குப் பதில் தெரியவில்லை. உலகக் கால்பந்துச் சங்கத்துக்கும் தெரிந்திருக்காது. கடைசியில் சமரசமாக, துளை தூர்ந்துவிடாமல் இருக்க இரண்டு காதிலும் வேப்பங்குச்சியைச் சொருகி அனுப்பினாள். முதல் மேட்சில் நடுவர் வரிசையாக எல்லோர் காலையும் காதையும் பார்த்துக்கொண்டே வந்தார். என் மகளிடம் நின்றார். குனிந்தார். அவர் விசில் வாழ்க்கையில் தங்கத்தைப் பார்த்திருப்பார், கவரிங்கைப் பார்த்திருப்பார். வேம்பைப் பார்த்திருக்க மாட்டார். சிரிப்பை அடக்கிக்கொண்டு, “இதையும் எடுத்துடும்மா” என்றார். கணுக்காலில் கட்டிய திருஷ்டிக் கயிறு மட்டும் காலுறைக்குள் ஒளிந்து தப்பித்தது. அன்று 0-4 என்று தோற்றோம். கயிறு மட்டும் இல்லாவிட்டால் எட்டு வாங்கியிருப்போம் என்பது அம்மாவின் கணிப்பு.

அம்மாவின் அடுத்த குறை எல்லோர் வீட்டிலும் எழுவது: வெயிலில் ஆடினால் பிள்ளை கறுத்துப் போகும், பெண் பிள்ளைக்கு எதற்கு இந்தக் கூத்து. இதற்கு மட்டும் என்னிடம் சரக்கு இருந்தது. நம் கடலூர்ப் பெண் இந்துமதி கதிரேசன் இந்திய அணிக்கே ஆடினார், போலீஸில் சப்-இன்ஸ்பெக்டராகவும் இருக்கிறார் என்றேன். தமிழ்நாட்டுப் பெண்கள் அணி தேசியப் பட்டத்தை 2018-இல் மணிப்பூரை வென்று வாங்கியது, 2023-இல் அமிர்தசரஸில் ஹரியாணாவை வென்று மறுபடியும் வாங்கியது என்றேன். அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “போலீஸா?” என்று மட்டும் கேட்டாள். அதிலிருந்து வெயிலைப் பற்றிப் பேச்சில்லை.

அம்மா சொன்னதில் ஒன்று மட்டும் சரியாகப் போனதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். “தலையால முட்ட விடாதேடா, படிச்சதெல்லாம் கலங்கிடும்” என்பாள். நான் சிரித்தேன். அமெரிக்கக் கால்பந்துச் சங்கம் பத்து வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைகள் பந்தைத் தலையால் முட்டக் கூடாது என்று 2015-லேயே சொல்லிவிட்டதாம். எங்கள் கோச்சும் விடுவதில்லை. அம்மா ஆராய்ச்சி எதுவும் படித்தவள் அல்ல.

சாப்பாட்டு விஷயம் சுருக்கமாக. ஒன்றரை மணி நேரம் முன்னால் இரண்டு இட்லி, இல்லாவிட்டால் ஒரு வாழைப்பழம். பொங்கல் கூடாது. நெய்யும் முந்திரியும் போட்ட வெண்பொங்கலைத் தின்றுவிட்டு வந்த எங்கள் கோல்கீப்பர் ஒருநாள் கம்பத்தில் சாய்ந்து நின்றபடியே கண்ணயர்ந்துவிட்டான்.

மழையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2015 டிசம்பரில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை வாங்கிய ஊர் எங்கள் தாம்பரம். நாலு தூறல் விழுந்தாலே காரை எந்த மேம்பாலத்தில் ஏற்றலாம் என்று யோசிக்கப் பழகியவர்கள் நாங்கள். ஐப்பசி பிறந்ததும் பெற்றோர் வாட்ஸப் குழுவில் காலை நாலரைக்கே “இன்னிக்கு க்ளாஸ் இருக்கா?” தொடங்கிவிடும். மழைக்கு ஆட்டம் நிற்காது, இடிமின்னலுக்கு நிற்கும். பிள்ளைகளுக்கு இது முதல் நாளே புரிந்துவிட்டது. குழு இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறது.

இனி என் குற்றத்துக்கு வருகிறேன்.

பள்ளியில் நான் கால்பந்து ஆடியதில்லை. கல்லூரியிலும் இல்லை. ஆனால் கோட்டுக்கு வெளியே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கிடைத்ததும் எனக்குள்ளே ஒரு பயிற்சியாளர் எழுந்துவிட்டார். “பாஸ் பண்ணு! ஷூட் பண்ணு! பின்னாடி வா! முன்னாடி போ!” எல்லாம் ஒரே மூச்சில். பக்கத்தில் இன்னும் ஏழெட்டு அப்பாக்கள், ஆளுக்கொரு திசை. அவ்வளவு திசைக்கும் ஒரே பந்து. ஒருமுறை “ஆஃப்சைடு ரெஃப்!” என்று நான் போட்ட சத்தத்தில் ஆட்டமே நின்றது. பிள்ளைகள் ஆடியது ஐந்து பேர் ஆட்டம். அதில் ஆஃப்சைடே கிடையாதென்று எல்லோர் முன்னாலும் எனக்கு விளக்கினார்கள். விளக்கியது எதிரணிப் பையன், வயது ஏழு.

அந்த நேரம் பார்த்து தலைக்கு மேல் விமானப்படையின் பயிற்சி விமானம் ஒன்று தாழப் பறந்து போனது. விமானம் ஓட்டக் கற்றுத் தருகிறவர்களுக்கே கற்றுத் தரும் பள்ளி எங்கள் தாம்பரத்தில்தான் 1954 முதல் இருக்கிறது. மேலே போகிறவர்கள் அவ்வளவு படித்துவிட்டுத்தான் இன்னொருவருக்குச் சொல்லித் தருகிறார்கள். கீழே நாங்கள் டீ குடித்துக்கொண்டே சொல்லித் தந்துகொண்டிருந்தோம்.

பாதியாட்டத்தில் கோச் என்னிடம் வந்தார். திட்டவில்லை. “சார், நீங்க சத்தம் போட்டா பாப்பா பந்தைப் பாக்காம உங்களைப் பாக்குது” என்றார். கவனித்தேன். பந்து காலுக்கு வரும் ஒவ்வொரு தடவையும் அவள் முகம் என் நாற்காலிப் பக்கம் திரும்பியது. அதற்குள் பந்து போய்விடும்.

வீட்டுக்குப் போகும் வழியிலும் நான் சும்மா வந்ததில்லை. ஸ்கூட்டரில் பின்னால் அவள், முன்னால் நான், நடுவில் முழு ஆட்டத்தின் ஆய்வுரை. ஏன் அங்கே விட்டாய், ஏன் இங்கே ஓடவில்லை. “ஹெல்மெட்ல ஒண்ணும் கேக்கலப்பா” என்பாள். சின்னப் பிள்ளைகளும் ஹெல்மெட் போட வேண்டும் என்பதில் அவள் இவ்வளவு கண்டிப்பாக இருப்பது ஏன் என்று எனக்கு மெல்லத்தான் விளங்கியது.

கோச் எனக்கு ஒரு பதவி கொடுத்தார். டர்ஃபின் வலைக்கு மேலே போகும் பந்துகள் அடுத்த தெரு மாமி வீட்டு மாடியில் விழும். போய் வாங்கி வருவது என் வேலை. வாயை மூட வைக்கக் கொடுத்த வேலை என்று தெரிந்தே ஏற்றுக்கொண்டேன். மாமி லேசுப்பட்டவர் அல்ல. வடாம் காயவைத்த நாளில் பந்து விழுந்தால் அரை மணி நேரம் நியாயம் கேட்பார். இரண்டே மாதத்தில் நாங்கள் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தோம்: சனிக்கிழமை வடாம் இல்லை, பந்து விழுந்தால் அழைப்பு மணியை ஒரு தடவை மட்டும் அடிப்பது, பதிலுக்கு மாதம் ஒருமுறை அவர் வீட்டு கேஸ் சிலிண்டரை நான் மாடிக்கு ஏற்றித் தருவது. நாற்காலியில் உட்கார்ந்திருந்த காலத்தைவிட என்னால் அணிக்கு இப்போது கொஞ்சம் பிரயோசனம் உண்டு.

போன சனிக்கிழமை சிலிண்டர் நாள். மாடியிலிருந்து இறங்கும்போது டர்ஃப் பக்கம் ஒரே கூச்சல். பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடினேன். ஒன்பது பிள்ளைகள் ஒருத்தி மேல் குவிந்து கிடந்தார்கள். அடியிலிருந்து தெரிந்தது, ஒருவழியாக அளவு சரியாக வாங்கிய அந்த ஷூ. எட்டு மாதத்தில் அவள் போட்ட முதல் கோல்.

திரும்பும் வழியில் நான் ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேச ஒன்றும் இல்லை என்பதுதான் உண்மை. கேம்ப் ரோடு சிக்னலில் சிவப்பு. பின்னாலிருந்து முதுகில் தட்டினாள். ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாள்.

“கோல் பாத்தியாப்பா?”

“பாக்காம? சூப்பர் கோல்!”

கொஞ்ச நேரம் சத்தமில்லை.

“எந்தக் கால்ல அடிச்சேன்?”

சிக்னலில் இன்னும் நாற்பத்திரண்டு வினாடி இருந்தது.