வக்காலத்துக்கு ஆளில்லை

"குற்றவாளிக்கு எதுக்குங்க வக்கீல்?" என்று டீக்கடையில் ஒருவர் கேட்டால் மாஸ்டர் உட்பட மொத்தக் கடையும் தலையாட்டுகிறது. சரிதானே? போலீஸ் பிடித்தாயிற்று, டிவி தீர்ப்புச் சொல்லியாயிற்று, பிடிபட்டவர் பாத்ரூமில் வழுக்கி விழுந்து கையில் மாவுக்கட்டும் போட்டாயிற்று. நம் காவல் நிலையத் தரை கைதி கால் வைத்தால் மட்டும்தான் வழுக்கும். ஏட்டையா விழுந்ததாகக் கேள்விப்பட்டதே இல்லை.

டீக்கடை கேட்கட்டும். கறுப்பு கோட்டே கேட்டால்? 2018 ஜூலையில் அயனாவரம் சிறுமி பாலியல் வன்கொடுமை வழக்கில் கைதான 17 பேரைச் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்திலேயே வக்கீல்கள் புரட்டி எடுத்தார்கள். அவர்களுக்காக யாரும் ஆஜராகமாட்டோம் என்ற அறிவிப்பும் வந்தது. அந்தக் கொடுமையைக் கேட்டு ரத்தம் கொதிக்காதவர் இல்லை. ஆனால் 2020 பிப்ரவரியில் வந்த தீர்ப்பு 15 பேரைத் தண்டித்தது. ஒருவரை விடுதலை செய்தது. விசாரணைக் காலத்தில் இன்னொருவர் இறந்துபோயிருந்தார். அன்று ஓங்கிய கைகளில் ஒன்றாவது, "இதில் தப்பு செய்யாதவன் எவன்?" என்று கேட்டதா?

இப்படி ஆஜராக மறுத்துத் தீர்மானம் போடுவது செல்லாது, சட்டவிரோதம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2010 டிசம்பர் 6 அன்று. அந்த வழக்கு நம் கோவையிலிருந்து போனது. அங்கே வக்கீல் சங்கம் கைவிட்டது யாரை என்கிறீர்கள்? சாட்சாத் போலீஸ்காரர்களை! தரை அவர்களுக்கும் ஒருநாள் வழுக்கத்தான் செய்தது.

சரியாக ஒன்பது ஆண்டு கழித்து, 2019 டிசம்பர் 6. பாலியல் கொலை வழக்கு ஒன்றில் கைதாகி, ஷாத்நகர் வக்கீல்கள் ஆஜராக மறுத்த நால்வரை ஹைதராபாத் அருகே போலீஸ் சுட்டுக் கொன்றது. ஜனங்கள் போலீஸ்மீது பூத் தூவினார்கள். கொல்லும் நோக்கத்தோடு வேண்டுமென்றே சுட்டார்கள் என்று, அதை விசாரித்த சிர்புர்கர் ஆணையத்தின் அறிக்கை 2022-இல் வெளியானது. தூவிய பூவைப் பொறுக்க ஒருவரும் வரவில்லை.

கைதான எவருக்கும் தனக்குப் பிடித்த வக்கீலை வைத்துக்கொள்ளும் உரிமையை அரசியலமைப்பின் 22-ஆம் பிரிவு தருகிறது. 'நல்லவருக்கு மட்டும்' என்று அங்கே எழுதி வைக்கவில்லை.

வக்கீல் ஐயாமார்களே, கோபம் வந்தால் கத்துங்கள், மறியல் செய்யுங்கள். கை ஓங்குவதாக இருந்தால் மட்டும் கழுத்திலுள்ள வெள்ளைப் பட்டையைக் கழற்றி வைத்துவிடுங்கள். ஊரே அடிக்கும்போது அடிபடுகிறவன் பக்கத்தில் போய் நிற்பதற்காகக் கட்டிவிட்டது அது.