மாட்சாவை மருந்துக் கடைக்கு மாற்றித் தருக

பெறுநர்:
தலைவர் அவர்கள்,
இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம்,
புது தில்லி.

பொருள்: புனே கஃபேக்களில் டீ என்ற பெயரில் மருந்து விற்பனை – உரிய துறைக்கு மாற்றக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

நான் புனேயின் பானேரில் குடியிருக்கும் தமிழன், பிறவிக் காபிக்காரன். ஆகவே டீ விவகாரத்தில் எனக்கு விருப்பு வெறுப்பு கிடையாது. எல்லா டீயும் எனக்கு ஒரே மாதிரி இளக்காரம்தான்.

2025 டிசம்பரில் தாங்கள் ஒரு விளக்கம் வெளியிட்டீர்கள். கமேலியா சைனென்சிஸ் என்ற செடியிலிருந்து வருவது மட்டுமே டீ. பூவையும் புல்லையும் வெந்நீரில் போட்டு அந்தப் பெயரில் விற்கக் கூடாது. அதில் செம்பருத்தி மாட்டிக்கொண்டது, மாட்சா தப்பித்தது. மாட்சா என்ற ஜப்பானியப் பச்சைப் பொடி சந்தேகமில்லாமல் அந்தச் செடியின் இலைதான். அறுவடைக்கு மூன்று வாரம் முன்பே தோட்டத்துக்குப் பந்தல் போட்டு வெயிலை மறைப்பார்கள். பறித்த இலையை ஆவியில் வாட்டி, உலர்த்தி, காம்பும் நரம்பும் நீக்கிக் கல் எந்திரத்தில் அரைப்பார்கள். எந்திரம் ஒரு மணி நேரம் சுற்றினால் 40 கிராம் பொடி விழும். இத்தனை பாடுபட்டு அரைத்ததை இங்கே வெனிலா சிரப்பும் மாம்பழக் கூழும் ஊற்றி மூழ்கடிக்கிறோம். அது எங்கள் ரசனை, ஆணையத்துக்கு வேலை இல்லை.

என் புகார் வேறு. கோரேகாவ் பார்க்கிலிருந்து பானேர் வரை கஃபேக்களில் மாட்சாவைப் பற்றி எழுதிவைத்திருப்பதைப் படித்தால் இது டீயாகவே தெரியவில்லை. கொழுப்பைக் கரைக்குமாம், கல்லீரலைக் கழுவுமாம், புற்றுநோயை அண்ட விடாதாம், வயதைத் தள்ளிப்போடுமாம். உணவுப் பொருள் எதுவும் நோயைத் தடுக்கும், தீர்க்கும் என்று சொல்லக் கூடாது என்பது தங்கள் 2018-ஆம் ஆண்டு விளம்பர ஒழுங்குமுறை. கஃபே நடத்துபவர்கள் படித்த பிள்ளைகள், சட்டத்தை மீற மாட்டார்கள். எனவே அவர்கள் விற்பது உணவே அல்ல என்றுதான் கொள்ள வேண்டியிருக்கிறது. மகாராஷ்டிரத்தில் உணவுக்கும் மருந்துக்கும் ஒரே நிர்வாகம் என்பதால் கோப்பு அதிக தூரம் நடக்க வேண்டியதும் இல்லை.

இந்த மருத்துவக் கீர்த்தி பழையது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஐசாய் என்ற ஜப்பானியத் துறவி, டீ ஆயுளை வளர்க்கும் என்று 1211-இல் ஒரு நூலே எழுதினார். 1214-இல் மது மயக்கத்தில் தலைவலியோடு கிடந்த ஷோகன் (படைத்தலைமை ஆட்சியாளர்) சனெதொமோவுக்குத் தேநீரையும் நூலையும் சேர்த்துக் கொடுத்தார். தலைவலி போயிற்று. ஆயுள் வளரவில்லை, 1219-இல், 26 வயதில், அண்ணன் மகன் கையால் வெட்டுண்டு செத்தார். டீயைக் குறை சொல்ல முடியாதுதான்.

மருந்தென்று அறிவித்தால் எங்களுக்குச் சில சௌகரியங்கள் உண்டு. மருந்துக் கடைக்காரர் "சாப்பாட்டுக்கு முன்னா, பின்னா?" என்று கேட்பார். கஃபேயில் அதை யாரும் கேட்பதில்லை. டீயில் உள்ள டானின் உணவின் இரும்புச் சத்தைப் பிடித்துக்கொள்ளும். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் டீ, காபி வேண்டாம் என்று ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024 வழிகாட்டி சொல்கிறது. நம் நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்கிறது. ஹிஞ்சவடி அலுவலகங்களில் மதியம் பாலக் கீரையைச் சாப்பிட்ட கையோடு, ஆரோக்கியத்துக்காகப் பச்சைக் கோப்பையைத் தூக்கும் பெண்ணிடம் இதை யார் சொல்வது?

காஃபின் சமாசாரமும் இருக்கிறது. மற்ற டீயில் இலையை வடிகட்டி எறிகிறோம், இதில் இலையையே விழுங்குகிறோம். 2 கிராம் பொடியில் ஏறத்தாழ 60 மில்லிகிராம் காஃபின். அதைக் கால் லிட்டரில் கலக்கினால், தாங்கள் எச்சரிக்கை வாசகம் கேட்கும் எனர்ஜி டிரிங்க் டப்பாவின் அளவுக்கே வந்துவிடுகிறது. குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் உகந்ததல்ல என்று டப்பா சொல்கிறது, கோப்பை சொல்வதில்லை. (இதே கணக்கைப் பில்டர் காபிக்கும் போடலாமே என்று அதிகாரிகள் யாராவது யோசித்தால், அந்தக் கோப்பைத் தயவுசெய்து தொலைத்துவிடுங்கள்.)

பலனே இல்லையா? உண்டு. நிழலில் வளர்ந்த இலையில் தியானைன் என்ற பொருள் கூடுதலாகத் தங்குகிறது. காஃபினோடு சேர்ந்து அது கவனத்தைக் கொஞ்சம் கூர்மையாக்குவதாகச் சிறு ஆய்வுகள் காட்டுகின்றன. கெட்ட கொழுப்பும் சிறிது இறங்கலாம். ஆனால் எடைக் குறைப்புக்கு க்ரீன் டீயை ஆராய்ந்த சோதனைகளை 2012-இல் காக்ரேன் குழு தொகுத்துப் பார்த்தபோது, மருத்துவரீதியாகப் பொருட்படுத்தும்படி எதுவும் குறையவில்லை. கல்லீரல் கழுவும் கதை இன்னும் விசேஷம். க்ரீன் டீச் சத்தை மாத்திரையாக விழுங்கி, ஈஜிசிஜி என்ற பொருள் நாளுக்கு 800 மில்லிகிராமைத் தொட்டால் கல்லீரலுக்கே கேடு வரலாம் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் எச்சரித்தது. ஒரு கோப்பையில் அவ்வளவு வராது, பயம் வேண்டாம். ஆனால் கழுவவும் கழுவாது.

புனேயின் பழைய பேட் பகுதி அம்ருத்துல்ய டீக்கடைகளில் இஞ்சியும் ஏலக்காயும் தட்டிப்போட்டுப் பித்தளைப் பாத்திரத்தில் டீ கொதிக்கிறது. அதைக் குடித்து யாரும் இளைத்ததில்லை. இளைப்பீர்கள் என்று கடைக்காரர் சொன்னதும் இல்லை.

மருந்துப் பிரிவு சரக்கையும் பரிசோதிக்கும் என்பது கூடுதல் லாபம். 2024 இலையுதிர் காலத்திலேயே கியோட்டோவின் இப்போடோ, மருகியூ கொயமாயென் போன்ற பழைய கடைகள் ஆளுக்கு இவ்வளவுதான் என்று கட்டுப்பாடு வைத்தன. ஜப்பானில் தட்டுப்பாடு, பானேரில் மட்டும் தெருவுக்குத் தெரு தாராளம். டப்பா தோறும் "செரிமோனியல் கிரேட்" என்ற பட்டம் வேறு. ஜப்பானியச் சட்டத்தில் அப்படி ஒரு தரமே கிடையாது. முந்நூறு ரூபாய்க்கு மேல் கொடுப்பவர், பொடி எந்த ஊர் என்றாவது தெரிந்துகொள்ளட்டும். 2023-இல் நீலகிரிச் சிறு விவசாயிகள் பச்சைத் தேயிலை கிலோவுக்கு 33 ரூபாய் 50 காசு கேட்டு உண்ணாவிரதம் இருந்தார்கள். அவர்கள் கேட்ட விலையே கிடைத்திருந்தாலும் ஒரு கோப்பை மாட்சாவின் காசுக்கு ஒன்பது பத்துக் கிலோ இலை வரும். இது தங்கள் துறை அல்ல, தேயிலை வாரியத்தின் துறை என்பீர்கள். தெரியும், கோபத்தில் எழுதிவிட்டேன்.

ஒருவேளை மருந்துப் பிரிவு "இது வெறும் டீ" என்று கோப்பைத் திருப்பி அனுப்பினால், ஒவ்வொரு கஃபே வாசலிலும் ஒரு பலகை வைக்க உத்தரவிடுங்கள். வாசகம் எழுத தில்லியில் குழு அமைக்க வேண்டாம். குத்தலான அறிவிப்புப் பலகைக்குப் பேர்போன சதாசிவ பேட் இந்த ஊரில்தான் இருக்கிறது. மாதிரிக்கு ஒன்று இணைத்துள்ளேன், அப்படியே அங்கீகரிக்க வேண்டுகிறேன்:

"இது டீ. குடித்தால் இளைக்காது. சாப்பிட்டவுடன் குடிக்காதீர்கள். ராத்திரி தூக்கம் வராவிட்டால் எங்களை எழுப்பாதீர்கள்."

இப்படிக்கு,
பானேர்வாசி ஒருவன்