போடாத கமாவுக்குக் கூலி

ஏலே பேராண்டி, இங்க வா. மாறுதல் கேட்டு ஆபீசுக்கு நீ எழுதின இங்கிலீஷ் லெட்டரப் பாத்தேன். கையெழுத்து முத்துதான். கமாவத்தான் கை போன போக்குல எறிஞ்சிருக்கே. மூச்சு வாங்குற எடத்துல போடணும்னு எவனோ சொன்னானாமே? அப்ப மாடி ஏறிட்டு வந்து எழுதினா வார்த்தைக்கு ஒண்ணு போடுவியோ? "மை ரெக்வெஸ்ட், இஸ் பெண்டிங்"காம். எழுவாயையும் பயனிலையையும் பிரிச்சு வைக்க நீ என்னலே நாத்தனாரா?

சிரிக்காதே, இது துட்டு சமாச்சாரம். அமெரிக்காவுல மெய்ன்னு ஒரு மாகாணம். வாரத்துல 40 மணி நேரத்துக்கு மேல ஒழைச்சா ஒண்ணரை மடங்கு கூலி. சில வேலைக்கு மட்டும் அது கிடையாதுன்னு சட்டத்துல ஒரு பட்டியல். கெட்டுப்போற உணவப் பதப்படுத்துறது, உலர்த்துறது, சேமிக்கிறதுன்னு நீண்டு, கடைசியில "பேக்கிங் ஃபார் ஷிப்மென்ட் ஆர் டிஸ்ட்ரிபியூஷன்"னு முடியும். ஷிப்மென்டுக்குப் பொறவு கமா இல்ல. ஓக்ஹர்ஸ்ட் பால் கம்பெனி, "பொட்டி கட்டுறது ஒரு வேலை, விநியோகம் வேற வேலை, டிரைவருக்கு ஒண்ணரைக் கூலி இல்ல"ன்னுச்சு. டிரைவருங்க விடல. "ரெண்டும் ஒரே வேலை, அனுப்பவோ விநியோகிக்கவோ பொட்டி கட்டுறது. நாங்க எங்க கட்டுதோம்? வண்டில்லா ஓட்டுதோம்!" 2017-ல அப்பீல் கோர்ட்டு, அர்த்தம் ரெண்டுபட்டா தொழிலாளி பக்கம்தான் நிக்கணும்னுடுச்சு. மறு வருசம் கம்பெனி 50 லட்சம் டாலருக்குச் சமரசமாப் போச்சு. வேடிக்கை என்னன்னா, பட்டியல்ல கடைசிக் கமா வேண்டாம்னு சொன்னதே அந்த மாகாணத்துச் சட்டம் எழுதுற கையேடுதான். பட்ட பொறவு சட்டத்தத் திருத்தி, கமாவையே நம்பாம அரைப்புள்ளியா அடுக்கிட்டாங்க.

அந்தக் கடைசிக் கமாவ ஆக்ஸ்போர்டு அச்சகம் போடும்; லண்டன் பேப்பர்காரன் பெரும்பாலும் போட மாட்டான். ஒனக்கு ஏன் அந்தப் பஞ்சாயத்து? அர்த்தம் கொழம்புனா போடு. ரெண்டு முழு வாக்கியத்த வெறும் கமாவால ஒட்டாதே. 'அண்ட்', 'பட்' ஏதாவது சேத்துக்கோ, இல்லன்னா புள்ளி வச்சு முடி.

இன்னொண்ணு. "மை வைஃப் ஹூ லிவ்ஸ் இன் மதுரை இஸ் சிக்"குன்னு கமாவே இல்லாம விட்டிருக்கே. இங்கிலீஷ்காரன் படிச்சா, மதுரையில இருக்கவளுக்குச் சொகமில்ல, வேற ஊர்க்காரி நல்லாத்தான் இருக்கான்னு எடுத்துக்கிடுவான். 'ஹூ'வுக்கு முன்ன ஒண்ணு, மதுரைக்குப் பொறவு ஒண்ணு, இப்பவே போடு. ஒம் மாமனாரு இங்கிலீஷ் வாத்தியாருலே.