செத்த காரின் இளமை

புணேயின் தாபோடியில் முளா, பவனா ஆறுகள் கூடுகின்றன. பெருமழையில் கரையோரக் கார்களும் சேர்ந்தால் திரிவேணி சங்கமம்தான்.

அப்படி மூழ்கிய காரின் பழுதுச் செலவு காப்பீட்டு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் வண்டி ‘டோட்டல் லாஸ்’. அந்த மதிப்போ, நாலு வயது தாண்டி ஐந்தைத் தாண்டாத காருக்கு ஷோரூம் விலையில் பாதி. சரி, போகட்டும், வண்டியை நாமே வைத்துக்கொள்கிறோம் என்றால், காப்பீட்டுக்காரர்கள் உடைசல் விலையைக் கழித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். இழப்பீட்டுக் கணக்கில் கிழடாயிருந்த வண்டி, கழிக்கும்போது குமரியாகிவிடும்! பழுது பார்க்கலாமென்றால், தாபோடியிலேயே அரசின் எஸ்.டி. பஸ்களுக்குக் கூடு கட்டும் மத்தியப் பணிமனை இருக்கிறது. நம் காருக்கு அங்கே இடமில்லை.

வண்டி இனி நிரந்தரமாக ஓடாதென்றால் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1988 மோட்டார் வாகனச் சட்டம். மெக்கானிக்கோ, “ஓடும் சாகேப், ஒரு மாசம் கொடுங்க” என்கிறார்.