ஆடி மாதத்து இலக்கியக் கணக்கு

எங்கள் வீட்டில் மாதக் கணக்கு எழுதுவது என் மனைவி. பால், மளிகை, சீட்டுப் பணம், தாய் வீட்டுக்குப் போய்வந்த பஸ் சார்ஜ் எல்லாம் ஒரு நீள நோட்டில் ஏறிவிடும். அந்த நோட்டின் கடைசிப் பக்கத்தை எனக்கு ஒதுக்கி, கோடு கிழித்து, எழுத்து, படிப்பு, பாட்டு என்று மூன்று தலைப்பும் போட்டுக் கொடுத்திருக்கிறாள். நாவல் எழுதுகிறேன் என்று பாகூரிலிருந்து வில்லியனூர் வரைக்கும் சொல்லிவைத்திருக்கிறேன். சொன்னவன் கணக்குக் காட்ட வேண்டாமா என்பது அவள் கட்சி. ஆடி முடிந்துவிட்டது. கணக்கை ஒப்படைத்தாக வேண்டும்.

முதலில் எழுத்து. என் நாவல் கீழூர் வாக்கெடுப்பைப் பற்றியது. வில்லியனூர்ப் பக்கத்தில் இருக்கும் அந்தச் சின்ன ஊரில்தான் 1954 அக்டோபர் 18ஆம் தேதி பிரெஞ்சிந்தியாவின் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி, இந்தியாவோடு சேர்வதா வேண்டாமா என்று ஓட்டுப் போட்டார்கள். 170 பேர் சேரலாம் என்றார்கள். 8 பேர் மாட்டோம் என்றார்கள். நவம்பர் 1ஆம் தேதி நிர்வாகம் கைமாறியது. என் கதாநாயகன் பாகூர்ப் பக்கத்துக் கவுன்சிலர். 170இல் சேருவதா 8இல் சேருவதா என்ற மனப்போராட்டத்தோடு கீழூருக்கு வந்து இறங்குகிறான். அருமையான ஆரம்பம் என்று நானே பலமுறை பாராட்டியிருக்கிறேன். சித்திரையில் மண்டபத்து வாசலுக்கு வந்தவன் ஆடியிலும் அங்கேயே நிற்கிறான். இடையில் அவனுடைய சட்டையின் நிறத்தை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

"ஓட்டுப் போட வந்த மனுஷன எத்தினி மாசம் வெயில்ல நிக்க வெப்பீங்க? செருப்பயாவது கழட்டச் சொல்லுங்க, உள்ள போவட்டும்" என்றாள் மனைவி.

அவளுக்கு உளவியல் நாவல் பழக்கமில்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். தேற்றிக்கொள்வதில் எனக்கு நல்ல பயிற்சி உண்டு. கி. ராஜநாராயணன் முப்பது வயதைத் தாண்டித்தான் எழுத வந்தார் என்று தெரிந்ததும் முப்பது வரை பேனாவைத் தொடாமல் இருந்தேன். கரிசல் காட்டு விவசாயி அவர். புதுவைப் பல்கலைக்கழகம் பேராசிரியராக அழைக்க இங்கே வந்து, 'கோபல்லபுரத்து மக்கள்' நாவலுக்கு 1991இல் சாகித்ய அகாதெமி விருது வாங்கி, 2021இல் இலாசுப்பேட்டையில்தான் கண்ணை மூடினார். அவர் எழுத வந்த வயது எனக்குக் கடந்து போனபின், செர்வாண்டிஸ் 'டான் குயிக்ஸாட்' முதல் பாகத்தை வெளியிட்டபோது அவருக்கு 57 வயது என்பதைக் கண்டுபிடித்தேன். இன்னும் சில வருஷம் கைவசம் இருக்கிறது. அதுவும் தீர்ந்தால் ஸ்பெயினை விட்டு வேறு தேசம் பார்க்க வேண்டும்.

எழுத முடியாததற்குக் காரணம் இடம் இல்லாமைதான் என்று ஆடிப் பிறப்பன்று முடிவுக்கு வந்தேன். அதற்கு உள்ளூர்ச் சரித்திரத்திலேயே ஆதாரம் இருக்கிறது. 9ஆம் நூற்றாண்டில், நிருபதுங்க பல்லவன் காலத்தில், இந்தப் பாகூரில் இருந்த கல்விச்சாலைக்கு மூன்று கிராமங்களை மானியமாக விட்டிருக்கிறார்கள். பாகூர்ச் செப்பேடு சாட்சி. படிக்கிறவர்களுக்கு மூன்று கிராமம்! நான் கேட்டது மாடியறை ஒன்றுதான். அதில் நெல் மூட்டை இருக்கிறது, மூட்டைக்கு மழை ஆகாது, உங்களுக்கு ஒன்றும் ஆகாது என்று பதில் வந்தது.

ஆகவே ஏரிக்கரைக்குப் போனேன். புதுச்சேரியில் ஊசுட்டேரிக்கு அடுத்த பெரிய ஏரி எங்களுடையது. தென்பெண்ணையில் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாகத் தண்ணீர் வந்தால் பாகூருக்குச் சோறு. ஆடியில் ஏரி பாதி தரையாகக் கிடக்கும். காற்று மட்டும் நிறைய. வேப்பமரத்தடியில் பெட்ஷீட்டை விரித்து, அட்டையில் தாளைச் சொருகி, தொலைவானத்தைப் பார்த்தபடி உட்கார்ந்தேன். எழுத்தாளர்கள் அப்படித்தான் உட்கார வேண்டும் என்று யாரோ போட்டோவில் காட்டியிருக்கிறார்கள்.

மாடு ஓட்டிப் போன ஒருவர் நின்றார். "இன்னா சார், ஏரி அளக்க வந்துருக்கீங்களா?"

"இல்லீங்க, சும்மா எழுதறேன்."

"எழுதுங்க, எழுதுங்க. மதகு ஷட்டர் வேல செய்யலன்னு மொதல்ல எழுதிக்குங்க."

அவர் போய் இன்னும் மூன்று பேரை அனுப்பினார். அவர்கள் ஆளுக்கு இரண்டு பேரைப் போனில் கூப்பிட்டார்கள். வாய்க்கால் முழுக்கக் காட்டாமணக்கு மண்டிக்கிடக்கிறது, ஐப்பசி மழைக்கு முன்னால் தூர் வாராவிட்டால் தண்ணீர் வந்தும் ஏரிக்கு வராது, சம்பா நாற்று விட்டுப் பயனில்லை. ஆளாளுக்குச் சொல்ல, நான் அரசாங்க ஆள் இல்லை, நாவலாசிரியன் என்று விளக்கினேன். ஒரு பெரியவர் கருணையோடு பார்த்து, "அதனால இன்னா? கையெழுத்து நல்லா இருக்குது இல்ல?" என்றார்.

ஒரே மூச்சில் எழுதி முடித்தேன். நிறுத்தவில்லை, கிழிக்கவில்லை, ஒரு சொல்லைக்கூட அடிக்கவில்லை. படித்துக் காட்டியபோது சுற்றி நின்றவர்கள் மூச்சுக்கூட விடவில்லை. எதிர்ப் பக்கத்து வயல்காரரோடு வாய்க்கால் வரப்பால் வந்த பூசலைச் சேர்த்த இடத்தில் ஒருவருக்குக் கண் சிவந்தது. எல்லோரும் கையெழுத்தும் கைநாட்டும் வைத்தார்கள். மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்தோம், பெற்றுக்கொண்டதற்கு முத்திரை குத்தித் தந்தார்கள். என் சிறுகதைகளை அனுப்பிய எந்த இடத்திலிருந்தும் அந்த மரியாதை எனக்குக் கிடைத்ததில்லை.

நகலைப் படித்த மனைவி, "இதுல ஆளுங்க நடக்கறாங்க, பேசறாங்க, தண்ணிக்கு அலையறாங்க" என்றாள். கூடவே நாவல் கட்டையும் ஒரு பார்வை பார்த்தாள். அதில் ஆடியில் சேர்ந்தது ஒரு பக்கத்துக்குக் குறைவு. நோட்டில் 'எழுத்து' பத்தியில் 'மனு' என்று அவளே எழுதிக்கொண்டாள்.

அடுத்து படிப்பு. இதில் என்னை யாரும் அசைக்க முடியாது. எழுதாத நேரமெல்லாம் படித்துவிடுகிறேன், அந்த நேரமும் ஏராளம். இந்த மாதம் பிரபஞ்சனின் 'வானம் வசப்படும்'. 1995இல் சாகித்ய அகாதெமி வாங்கிய நாவல். அதற்கு மூலம் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு என்பதால் அதையும் எடுத்தேன். எடுத்ததுதான் வினை. 1736இல் தொடங்கி 1761 வரை எழுதியிருக்கிறார் மனிதர். ஆங்கிலத்தில் பெயர்த்தபோது 12 தொகுதி ஆனது. கவர்னர் துய்ப்ளேக்கு துபாஷ், சொந்த வியாபாரம், கவர்னர் மாளிகைச் சூழ்ச்சி, இங்கிலீஷ்காரன் முற்றுகை. இத்தனைக்கும் நடுவே எவன் வந்தான், எவன் போனான், கவர்னர் என்ன சொன்னார், என்ன சரக்கு என்ன விலைக்குப் போனது என்று எழுதிவைத்துவிட்டுத் தூங்கியிருக்கிறார். அவருக்கு மாடியறை இருந்ததால் என்று சொல்லிப் பார்த்தேன். "இருந்திருக்கும். அங்க சரக்கு மூட்ட இருந்திருக்கும்" என்றாள்.

நானும் நாட்குறிப்பு தொடங்கினேன். 'காற்று அதிகம்' என்று ஒரு நாள். 'நேற்றுப் போலவே' என்று அடுத்த நாள். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும்போது வடாம் காயவைத்த வேட்டி பறக்காதா? நாட்குறிப்புத் தொகுதியை அதன் ஒரு மூலையிலும் பிரபஞ்சனை மறு மூலையிலும் வைத்திருந்தாள். மற்ற இரண்டு மூலைக்கும் செங்கல். என் நாவல் கட்டை முயன்று பார்த்ததாகவும் கனம் போதவில்லை என்றும் சொன்னாள்.

வாணிதாசனைப் படிக்கும்போதுதான் எனக்கு உண்மையிலேயே வெட்கம் வரும். 1915இல் வில்லியனூரில் பிறந்து, பாகூரை அடுத்த சேலியமேட்டில் வாழ்ந்தவர். நான் பாகூரில் பிறந்து வில்லியனூரில் பெண் எடுத்தவன். பாதை ஒன்றுதான், பஸ்தான் எதிர்த்திசை. அவருக்கும் இதே வயல், இதே சேறு. பள்ளிக்கூட வாத்தியார் வேலை வேறு. அதற்குள் 'தமிழச்சி', 'கொடிமுல்லை' என்று காவியம் எழுதி, பிரெஞ்சு அரசின் செவாலியர் பட்டமும் வாங்கினார். நான் வாங்கியது பேனாக்கள். அதில் ஒன்று பிரெஞ்சு.

கடைசியாகப் பாட்டு. எழுதும்போது கேட்பதற்கென்று இளையராஜாவின் 'ஹௌ டு நேம் இட்' வைத்திருக்கிறேன். 1986இல் வந்தது. தியாகராஜருக்கும் ஐரோப்பிய இசைமேதை பாக்குக்கும் சமர்ப்பணம் செய்தது. இசையை முடித்துவிட்டு என்ன பெயர் வைப்பது என்று அவர் கேட்கிறார். எனக்குப் பெயர் தயார், உள்ளே வைக்கத்தான் சரக்கு இல்லை. இயர்போனை மாட்டிக்கொண்டு விடியற்காலையில் உட்கார்வது என்று திட்டம். ஆடி மாதத்துக் கிராமத்தில் விடியற்காலை யாருக்குச் சொந்தம் என்பதை மறந்துவிட்டேன். மாரியம்மன் கோயில் குழாய் ஸ்பீக்கரில் எல்.ஆர். ஈஸ்வரி வந்துவிட்டார். அவர் குரலுக்கு முன்னால் இயர்போன் என்ன, பாக் என்ன? வயலின் எங்கோ மங்கிப்போக, தலை தானாக உடுக்கைக்கு ஆடியது. தெருவில் கூழ் ஊற்றக் கூப்பிட்டார்கள், சொம்போடு போய்விட்டேன்.

பக்கத்து ஊர் திரௌபதி அம்மன் கோயிலில் கூத்து நடந்தது. நாவலில் ஒரு கூத்துக் காட்சி வைக்கலாம் என்று ஆராய்ச்சிக்குப் போனேன். முகவீணையைக் கவனித்துக் குறிப்பெடுக்க வேண்டும் என்பது நினைப்பு. கட்டியக்காரன் வந்து ஊர்ப் பெரிய மனிதர்களைக் கேலி செய்தவரை விழித்திருந்தேன். என்னைச் சொல்லாததில் கொஞ்சம் வருத்தம். பிறகு பாயில் சாய்ந்ததுதான் தெரியும். விடிந்தபோது மனைவி தட்டி எழுப்பினாள்.

"அர்ஜுனன் தபசு மரத்துல ஏறி, பாட்டெல்லாம் பாடி, அஸ்திரத்த வாங்கிக்கினு எறங்கிட்டான். உங்க ஆளு இன்னும் வாசல்லியேதான் நிக்கறானா?"

ஆக, ஆடிக் கணக்கு இது: எழுத்தில் ஒரு மனு, படிப்பில் எல்லாம் லாபம், பாட்டில் எல்.ஆர். ஈஸ்வரி. கீழே அவள் கையெழுத்துப் போட்டுவிட்டாள். 'பாக்கி: கவுன்சிலர்' என்று ஓரத்தில் குறித்திருக்கிறாள்.

இதைப் படிக்கிற புதுச்சேரிக்காரர்களுக்கு ஒரு விண்ணப்பம். 1954இல் கீழூரில் ஓட்டுப் போட்ட 178 பேரில் யாராவது உங்கள் தாத்தாவாக இருந்தால், மண்டபத்துக்குள் போன பிறகு என்ன நடந்தது என்று அவர் வீட்டில் சொல்லியிருப்பார். அதைக் கொஞ்சம் வந்து சொல்லுங்கள். 8 பேரில் ஒருவர் என்றால் சாப்பாடும் உண்டு. பாகூரில் வந்து நாவலாசிரியர் வீடு எது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. மனு எழுதுகிறவர் வீடு என்று கேளுங்கள், கொண்டுவந்தே விடுவார்கள்.